மாடி ஏறிய பெயர்

அண்ணன் போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னான். ஓட்டியைக் கொல்லப் போகிறானாம். அவள் இடத்துக்கு வருகிறவளுக்கு ஒரு பெயர் வேண்டுமாம்.

"என்ன பாப்பா, சத்தத்தையே காணோம்?"

"அடுப்புல பால் இருக்கு."

"பொங்கிடப் போகுது, போய்ப் பாரு. ஞாயித்துக்கிழமை வந்துடு. அண்ணி சமைக்கறா."

போனை வைத்தேன். அடுப்பில் பால் இல்லை. அடுப்பே பற்றவைக்கவில்லை.

ஓட்டி என்பவள் அண்ணன் எழுதும் கதைகளில் வருகிறவள். விண்வெளியில் போகும் ஒரு கப்பலைச் செலுத்துகிறவள். கையடக்கமான புத்தகங்கள். பஸ் நிலையக் கடைகளில் கயிறு கட்டிக் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார்கள். அட்டையில் கப்பல் எப்போதும் பிரஷர் குக்கர் மாதிரி இருக்கும். படம் போடுகிறவருக்கு வேறு எதுவும் வராது. முதல் புத்தகத்தில் அவளுக்கு ஆறு வயது. இப்போது எழுதிக்கொண்டிருப்பதில் நாற்பதை நெருங்கிவிட்டாள்.

அந்தக் கப்பலில் ஒரு சட்டம் உண்டு. பிறக்கும் குழந்தைக்குப் பெயர் கிடையாது. சின்னவன், சின்னவள், சமையல்காரர் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நாள் கப்பலே ஒரு பெயரைக் கூப்பிடும். அது யாருக்கு உரியதோ அவர் மட்டும் திரும்பிப் பார்ப்பார். எந்த அறையிலிருந்து கூப்பிட்டதோ அந்த அறையின் வேலை அவருடையது. பெயரும் வேலையும் ஒரே நாளில் வரும். மற்றவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டாலும் தலை நிமிர மாட்டார்கள்.

இன்னொரு சட்டமும் உண்டு. பெயர் கூப்பிடுவதற்கு மட்டும். ஆள் இல்லாத இடத்தில் அதை வாயில் எடுக்கக் கூடாது. ஓட்டி, கதவுக்காரர், விளக்குக்காரி என்று வேலையைச் சொல்லித்தான் பேச வேண்டும்.

முதல் சட்டம் எங்கள் வீட்டு மாடிப்படியிலிருந்து வந்தது. இரண்டாவது அம்மாவிடமிருந்து. அம்மா யாரையும் பெயர் சொல்லிப் பேசியதில்லை. பின்வீட்டுக்காரி, மூக்குக்கண்ணாடி, உங்கப்பா ஆபீஸ் குட்டையன். எனக்கும் அது ஒட்டிக்கொண்டது.

வீடு ஒடுக்கமானது. கீழே கூடம், அடுப்படி, ஒரு அறை. மேலே ஒரே ஒரு அறை, அண்ணனுடையது. நடுவில் மரப்படி. பாதியில் ஒரு திருப்பம். கீழே நின்று கூப்பிட்டால் குரல் அந்தத் திருப்பத்துச் சுவரில் இடித்து, பிறகு மேலே போகும். அம்மா தினமும் சாப்பிடக் கூப்பிடுவாள். "வந்துட்டேன், கத்தாதே" என்பான். வர மாட்டான்.

அண்ணனுக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை.

"ஊர்ல இருக்கற லிஃப்டெல்லாம் ரிப்பேர் பண்றான். இங்க எனக்குப் படியேறி முட்டி தேயுது" என்பாள் அம்மா.

வேலை விட்டு வந்து, கிரீஸ் போகக் கை கழுவி, மேலே போய் எழுதுவான். எழுதும்போது பேச்சு வரும் இடங்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவான். கீழே எங்களுக்குக் கேட்கும். இரண்டு தளபதிகள் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். இரண்டு பேருக்கும் அண்ணன் குரல்.

கதை அவனுக்கு வரும். பெயர் வராது. முதலில் அவன் வைத்த பெயர் க்ஸார்த்தன். கப்பல் தலைவனுக்கு.

"தொண்டைல முள்ளு மாட்டின மாதிரி இருக்கு" என்றாள் அம்மா.

"வேற உலகம்மா. அங்க அப்படித்தான் இருக்கும்."

"அங்க மட்டும் அம்மாக்காரி சாப்பிடக் கூப்பிட மாட்டாளா? இதைச் சொல்லிக் கூப்பிட்டா சோறு ஆறிடும்."

நான் அப்போதே குழந்தை டாக்டரின் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். முன்மேசை. காத்திருக்கும் கூடத்தைப் பார்த்துக் குழந்தைகளின் பெயரைக் கூப்பிட வேண்டும். குழந்தைக்கு நம்பர் போடக் கூடாது என்பது அந்த டாக்டரின் பிடிவாதம். அழுகை, இருமல், பொம்மைச் சண்டை, இதற்கெல்லாம் மேலே ஒரு பெயர் போய்ச் சேர வேண்டும். சில பெயர்கள் பாதி வழியில் விழுந்துவிடும். சில பெயர்கள் கூடத்தின் கடைசி வரைக்கும் போகும். இழுப்பதற்கு ஒரு நெடில் வேண்டும். கடைசி எழுத்து வாயை மூடிவிடக் கூடாது. இதை யாரும் சொல்லித் தரவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு வந்தது.

"பேரை எழுதிப் பாத்தா தெரியாது. கூப்பிட்டுப் பாக்கணும்" என்றேன் அண்ணனிடம்.

அப்படித்தான் ஆரம்பித்தது. நான் பெயர் யோசிப்பேன். அவனுக்குச் சொல்ல மாட்டேன். அவன் மேலே சுவரைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பான். எப்போதாவது, அவன் எதிர்பார்க்காத நேரத்தில், படிக்குக் கீழே நின்று கூப்பிடுவேன். தன்னை அறியாமல் "என்ன?" என்று கேட்டுவிட்டால் பெயர் நின்றது. சிரித்தால் போச்சு. பதிலே இல்லையென்றாலும் போச்சு.

நின்ற பெயரை "மாடி ஏறிடுச்சு" என்போம்.

ஏறாத பெயர்களை அம்மா வீணாக்கவில்லை. க்ஸார்த்தன் தண்ணீர் மோட்டாருக்குப் போனது. அதுவும் கூப்பிட்டால் வராது. இன்னொன்று எதிர்வீட்டுப் பூனைக்கு. அப்பா இருந்தபோது வாங்கிய சுவர்க் கடிகாரத்துக்கு ஒரு சேனாதிபதியின் பெயர்.

"சேனாதிபதி நின்னுட்டாரு. சாவி குடு."

கப்பல் கூப்பிடுவது மாடிப்படியிலிருந்து வந்தது என்றேன். முழுவதும் அப்படியில்லை. பாதி அண்ணனின் வேலையிலிருந்து வந்தது. லிஃப்ட் நடுவில் நின்று யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால், கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் அவன் மேலே கதவை விலக்கி உள்ளே குரல் கொடுப்பான். "பேர் என்னங்க?" உள்ளே இருக்கிறவர் சொல்வார். அதற்குப் பிறகு வெளியே எடுக்கும் வரை அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே இருப்பான். சும்மா எதையாவது பேசிக்கொண்டு, நடுநடுவே பெயர். இருட்டில் நிற்கிறவருக்குத் தன் பெயர் கேட்டுக்கொண்டே இருந்தால் மூச்சு சீராக வருமாம். கம்பெனியில் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவனே கண்டுபிடித்தது.

முதல் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் சிக்கல் வந்தது. சின்னவளைக் கப்பல் கூப்பிட வேண்டும். எந்தப் பெயரும் ஏறவில்லை. நான் கூப்பிட்டவை எல்லாம் திருப்பத்திலேயே விழுந்துவிட்டன. பதிப்பாளர் ஆள் அனுப்பினார். அண்ணன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்போது நான் கர்ப்பமாக இருந்தேன். ஆறாவது மாதம். வீட்டுக்காரருக்குச் சாலை போடும் கம்பெனியில் வேலை. எங்கோ தூரத்தில் கூடாரத்தில் இருந்தார். நான் அம்மாவோடு இருந்தேன். உள்ளே இருப்பது பெண் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஒரு பெயரும் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் வந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன்.

ஒரு மத்தியானம். அம்மா கடைக்குப் போயிருந்தாள். அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். வீடு காலி. துணி மடித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெயரை இந்த வீட்டில் கூப்பிட்டால் எப்படிக் கேட்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. நாளைக்கு அவள் மேலே மாமன் அறையில் போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்பாள். சாப்பிடக் கூப்பிட வேண்டியிருக்கும்.

படிக்குக் கீழே போய் நின்றேன். ஒரு கையைக் கைப்பிடியில் வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். சோதனைக்குக் கூப்பிடும் குரலில் இல்லை. சோறு ஆறுகிறது, இறங்கி வா என்கிற குரலில்.

"என்ன?" என்றது மேலே.

அண்ணன். கட்டடத்தில் கரண்ட் இல்லை என்று சீக்கிரமே வந்து படுத்திருக்கிறான். நான் பார்க்கவில்லை. கட்டில் கிரீச்சிடும் சத்தம் கேட்டது. திருப்பம் வரை ஓடிவந்து எட்டிப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"பாப்பா, ஏறிடுச்சு. இதான். இதான் அவ பேரு."

கைப்பிடியை விட்டு ஒரு படி ஏறினேன். அவன் அதற்குள் மேலே ஓடிவிட்டான். சாயங்காலத்துக்குள் அத்தியாயத்தை முடித்துவிட்டான். எழுதும்போது அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி எழுதினான். நான் கீழே துணி மடித்தேன்.

இரண்டு நாள் பொறுத்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் அச்சுக்குப் போய்விட்டது. சரி, வேறு பெயர் யோசிக்கலாம், பெயருக்கா பஞ்சம் என்று நினைத்தேன்.

வேறு பெயருக்கு வேலை இருக்கவில்லை. குழந்தை தங்கவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் பெண் குழந்தை என்று மட்டும் எழுதினார்கள்.

நான் படுத்திருந்தபோது அண்ணன் புத்தகத்தோடு வந்தான். அச்சு மை வாசனை போகவில்லை. என் கையில் கொடுக்கலாமா என்று தயங்கினான். பிறகு கட்டில் ஓரத்தில் வைத்தான்.

"நீ வெச்ச பேரு. அட்டையிலேயே போட்டுட்டாங்க."

போட்டிருந்தார்கள். குக்கருக்கு மேலே பெரிய எழுத்தில்.

நர்ஸ் மாத்திரை கொடுக்க வந்தவள் அட்டையைப் பார்த்தாள். "அழகா இருக்கே. யாரு பேரு?"

"கதைல வர்ற பொண்ணு" என்றான் அண்ணன்.

அவள் போன பிறகு புத்தகத்தை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

பிறகு எனக்கு ஒரு மகன் பிறந்தான். வீட்டுக்காரர் பெயர் வைத்தார். எனக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை. நல்ல பெயர்தான். இப்போது அவனுக்கே இரண்டு பிள்ளைகள்.

அண்ணன் எழுதிக்கொண்டே போனான். நான் பெயர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கதவுக்காரர், விளக்குக்காரி, எதிரிக் கப்பலின் ஒற்றன், எல்லோரும் மாடி ஏறினார்கள். வீட்டுக்காரரோடு தனிக்குடித்தனம் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை வந்து கூப்பிட்டுவிட்டுப் போவேன். கையெழுத்துப் பிரதியை எனக்குத்தான் முதலில் தருவான். நான் பெரிதாக எதுவும் சொல்வதில்லை. ஓட்டியைப் பற்றி மட்டும் ஏதாவது சொல்வேன்.

"ஏழு வயசாகுது. பல்லு விழ வேணாமா?"

"விண்வெளில எதுக்குப் பல்லு?"

"விண்வெளியா இருந்தா விழாதா?"

பல் விழுந்தது. இரண்டாவது புத்தகம், நான்காம் அத்தியாயம். எடை இல்லாத அறையில் பல் மிதந்தபடி போகும். கதவுக்காரர் அதைத் துரத்திப் பிடிப்பார்.

அடுத்ததில் அவளுக்குக் கொள்ளை நோய் வருவதாக எழுதியிருந்தான். வேண்டாம், சளி போதும் என்று சண்டை போட்டேன். ஒரு தடவை அவளைப் போர்வையில்லாமல் இயந்திர அறையில் படுக்க வைத்திருந்தான். ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. என்ன காரணம் என்று அவனுக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு போர்வைக்காக ஒரு அத்தியாயத்தையே மாற்றினான்.

"என் தங்கச்சியைத் திருப்திப்படுத்திட்டா போதும். வாசகனுங்க எல்லாம் சும்மா" என்பான் அண்ணியிடம்.

ஒவ்வொரு புத்தகத்திலும் அவள் வளர்ந்தாள். பதினாலு வயதில் தளபதியை எதிர்த்துப் பேசினாள். அதை நான் சொல்லவில்லை. அவளாகவே பேசினாள். அந்த அத்தியாயத்தைப் பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அந்தப் பெயரை மட்டும் அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை. கூப்பிட அவசியம் வரவில்லை. அதுதான் முன்பே ஏறிவிட்டதே.

அண்ணன் போன் செய்த வாரத்தில், வெள்ளிக்கிழமை, கிளினிக்கில் கூட்டம். பழைய டாக்டர் போய், அவர் மகள் இப்போது டாக்டர். அவளும் நம்பர் வேண்டாம் என்றுவிட்டாள். நான் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சீட்டில் அந்தப் பெயர் இருந்தது.

ஓட்டியின் பெயரைக் குழந்தைக்கு வைத்ததாக அண்ணனுக்குச் சில வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். அவன் காட்டியிருக்கிறான். எங்கோ யாரோ. என் கூடத்துக்கு யாரும் வந்ததில்லை.

வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். முன்வரிசை அம்மாக்கள் பார்த்தார்கள். தண்ணீர் குடித்தேன். மறுபடி சீட்டைப் பார்த்தேன். கூப்பிட்டேன்.

கூடத்தின் கடைசி வரை போனது.

மீன் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒருத்தி வந்தாள். ஆறு வயதிருக்கும். ஒரு ஷூவின் கயிறு அவிழ்ந்து தரையில் இழுபட்டது. ஒரு காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். மேசைக்கு முன்னால் வந்து நின்று, "நான்தான்" என்றாள்.

அவள் அம்மா பின்னாலேயே வந்தாள். "காதுவலிங்க. நைட்டெல்லாம் தூங்கல."

"பேர் நல்லா இருக்கு" என்றேன்.

"இவங்க அப்பா வெச்சது. ஏதோ புக்குல வருதாம். ராக்கெட்டு ஓட்டறவளாம்."

"கப்பல்."

"நீங்களும் படிப்பீங்களா?"

"படிப்பேன்."

குழந்தை என்னைக் கவனமாகப் பார்த்தாள். பிறகு உதட்டைத் தூக்கிக் காட்டினாள். முன்பல் ஒன்று இல்லை. "அவளுக்கும் விழுந்துச்சாம். அப்பா சொன்னாரு."

"ஆமா. மிதந்து போச்சு."

"என்னுது மிதக்கல. கீழதான் விழுந்துச்சு."

குனிந்து ஷூக் கயிற்றைக் கட்டிவிட்டேன். உள்ளே போனார்கள். அடுத்த சீட்டை எடுத்தேன். கூப்பிட்டேன். ஒரு பையன் அழுதுகொண்டே வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது அண்ணி கதவைத் திறந்தாள்.

"வாங்க. உங்க அண்ணன் காலைலேருந்து யாரையோ கொன்னுக்கிட்டு இருக்காரு. காபி கூடக் குடிக்கல."

"முடிச்சிட்டாரா?"

"ஆள் கெட்டி போல. சாக மாட்டேங்கறா. நீங்க போய்ப் பாருங்க, நான் குழம்பைப் பாக்கறேன்."

மாடி ஏறினேன். திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டேன். அறை மாறவில்லை. சுவரைப் பார்த்த மேசை. பழைய லிஃப்டிலிருந்து கழற்றிய பொத்தான் பலகை சுவரில் இருந்தது. ஏழாவது மாடிப் பொத்தான் மட்டும் பளபளப்பாக இருந்தது. யோசிக்கும்போது அவன் அதைத்தான் அழுத்துவான்.

கடைசி அத்தியாயத்தை வாசித்துக் காட்டினான். கப்பலின் வெளிச்சுவரில் ஒரு வடம் சிக்கிக்கொள்கிறது. விடுவிக்க ஓட்டி வெளியே போகிறாள். வடம் விடுபடுகிறது. அவளைக் கட்டியிருந்த கயிறும் விடுபடுகிறது. கப்பல் அவள் பெயரைக் கூப்பிடுகிறது. கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. பிறகு நிறுத்துகிறது. கொஞ்ச நேரம் கப்பலில் சத்தமே இல்லை. பிறகு வேறு ஒரு பெயரைக் கூப்பிடுகிறது. விளக்கு துடைத்துக்கொண்டிருந்த ஒரு சின்னவள் திரும்பிப் பார்க்கிறாள். அந்த இடத்தில் பெயருக்காக ஒரு கோடு போட்டு விட்டிருந்தான்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

நன்றாகத்தான் இருந்தது. அவன் எழுதியதிலேயே நல்ல அத்தியாயம். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"கொல்லணுமா?" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றினான். "போன மாசம் ஒருத்தன் வந்தான். ஓட்டியை வெச்சு டி.வி. தொடர் எடுக்கணுமாம். உங்களுக்கு அப்புறம் நாங்களே எழுதிக்கறோம் சார்ங்கறான். என் மூஞ்சியைப் பாத்துச் சொல்றான், உங்களுக்கு அப்புறம்னு."

"சொன்னா சொல்லட்டும்."

"எழுபதைத் தொடப்போறேன் பாப்பா. அவளை அப்படியே விட்டுட்டுப் போனா யார் யார் கையிலயோ மாட்டிக்குவா. ராஜகுமாரனைக் கட்டி வெப்பானுங்க. அதுக்கு என் கையால போகட்டும்."

கனமான பெட்டியை இறக்கி வைப்பதுபோல் அவன் மெதுவாகத்தான் பேசினான். அவனுக்கும் வலித்தது. எனக்குத் தெரிந்தது.

"லிஃப்டுல மாட்டினவங்களைக் கூப்பிடறதை நீ எப்பவாவது நிறுத்தியிருக்கியா?"

"அது லிஃப்டு. கதைல எங்கயாவது நிறுத்தியாகணும்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். "பேர் கொண்டு வந்திருக்கியா இல்லையா?"

"கொண்டு வந்திருக்கேன்."

பொய் இல்லை. கொண்டுவந்திருந்தேன். பஸ்ஸில் வரும்போது உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். நல்ல பெயர். கூப்பிட்டால் ஏறிவிடும். ஏறிவிட்டால் அந்தக் கோட்டின் மேல் எழுதிவிடுவான். அதோடு அவள் போய்விடுவாள்.

"போ. சும்மா நிக்காதே. எதிர்பாக்காத நேரத்துல கூப்பிடு."

சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். முதுகு கூனியிருந்தது.

இறங்கினேன். அடுப்படியில் அண்ணி எதையோ வறுத்துக்கொண்டிருந்தாள். சேனாதிபதி ஓடிக்கொண்டிருந்தார். அம்மா போன பிறகு அவருக்கு அண்ணிதான் சாவி கொடுக்கிறாள். கைப்பிடியில் கை வைத்தேன். மரம் அந்த இடத்தில் வழுவழுப்பாக இருந்தது.

புதுப் பெயர் நாக்கு நுனியில் இருந்தது. மேலே பார்த்தேன். திருப்பத்துச் சுவர் தெரிந்தது.

பழைய பெயரைக் கூப்பிட்டேன். அந்த மத்தியானம் கூப்பிட்ட மாதிரி. சோறு ஆறுகிறது, இறங்கி வா.

"என்ன?" என்றான் அண்ணன்.

நாற்காலி நகர்ந்தது. மெல்ல நடந்து வந்து திருப்பத்தில் நின்றான்.

"அது அவ பேராச்சே."

"ஆமா."

"புதுசுதானே கேட்டேன்."

"அன்னிக்கு நீ வீட்டுல இருந்தது எனக்குத் தெரியாது."

"என்னிக்கு?"

"கரண்ட் இல்லன்னு சீக்கிரம் வந்து படுத்திருந்தியே, அன்னிக்கு. நீ வேலைக்குப் போயிட்டேன்னு நெனச்சேன். நான் உனக்காகக் கூப்பிடல அண்ணா."

அவனுக்குப் புரியவில்லை. புரிய வைக்க எனக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது.

"எனக்கு அப்ப ஆறாவது மாசம்."

படியில் உட்கார்ந்தான். முட்டி நறுக்கென்றது. அவன் கண்ணாடியில் கூடத்து ஜன்னல் தெரிந்தது. கண் தெரியவில்லை.

"உன் குழந்தைக்கா?"

"வீட்டுல எப்படிக் கேக்குதுன்னு பாத்தேன். அவ்வளவுதான்."

"நான் ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கிட்டு வந்தேன். உன் கிட்டயே."

"வந்தே."

"ஏன் பாப்பா சொல்லல?"

"சொன்னா கதைலேருந்து அந்தப் பேரை எடுத்திருப்பே."

யோசித்தான். "எடுத்திருப்பேன்."

"அதான்."

அண்ணி வாணலியில் தண்ணீர் ஊற்றினாள். சுர்ரென்றது. அண்ணன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலை விட்டு எத்தனையோ வருடம் ஆகியும் ரேகைகளில் கறுப்பு போகவில்லை.

"பல்லு விழணும்னு சொன்னே."

"ஆமா."

"கொள்ளை நோய் வேணாம், சளி போதும்னே."

"ஆமா."

"ஒரு போர்வைக்கு ஒரு வாரம் பேசல."

"வெறுந்தரைல படுக்க வெச்சிருந்தே. கப்பல் முழுக்கக் குளிருன்னு நீயே எழுதியிருக்கே."

தலையை ஆட்டினான். ரொம்ப நேரம் ஆட்டினான்.

"அந்தத் தொடர்காரன் மறுபடி வருவான்" என்றான். "அவனுக்கு என்ன சொல்றது?"

"ஆள் இல்லாத இடத்துல அந்தப் பேரை எடுக்கக் கூடாதுன்னு சொல்லு. சட்டம்."

மூக்கால் சிரித்தான். கைப்பிடியைப் பிடித்து எழுந்தான். மேலே போனான். நாற்காலி இழுபட்டது. ஒரு தாள் கிழிபடும் சத்தம். முழுத் தாள் இல்லை. பாதி.

நான் கீழேயே நின்றேன். போகலாமா என்று தெரியவில்லை.

"பாப்பா."

"ம்."

"மறுபடி கூப்பிடு. கப்பல் கூப்பிடறது சரியா வரல."

கூப்பிட்டேன். திருப்பத்தில் இடித்து மேலே போனது. பேனா ஓடுவது கேட்டது.

"இன்னொரு தடவை."

கூப்பிட்டேன். இந்தத் தடவை எதிர்வீட்டு நாய் குரைத்தது. பேனா நின்றது. பொத்தான் பலகையில் டக் என்று ஒரு சத்தம். ஏழாவது மாடி. அவன் கேட்காமலே மூன்றாவது தடவையும் கூப்பிட்டேன்.

"வந்துட்டேன், கத்தாதே."

அண்ணன் குரல்தான். எனக்குச் சொன்னதல்ல. எழுதுவதை வாய்விட்டுச் சொல்கிறான். சொன்னதை இன்னொரு முறை, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். பேனா கூடவே ஓடியது.

அடுப்படியிலிருந்து அண்ணி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"யாரு வந்திருக்கா? சோறு மூணு பேருக்குத்தான் வெச்சேன். பத்துமான்னு தெரியலையே."

"பத்தும் அண்ணி" என்றேன்.